புதுக் கோதுமையில் கடா பிரசாத்: ஒரு வைசாகிக் கணக்கு

கடா பிரசாத் என்பது குருத்வாராவில் எல்லாருக்கும் தரும் கோதுமை மாவு அல்வா. மொத்தம் இரண்டு கடாய், கடாய்க்கு 5 கிலோ மாவு. முதல் கடாய் நிறம் தூக்கலாகி, ஆறியதும் கையில் இறுகியது. இரண்டாவது கடாய்தான் சொன்னபடி வந்தது: ஓரத்தில் நெய் கக்கி, துடுப்பைத் தூக்கினால் ஒரே மடிப்பாகச் சரிந்தது. இரண்டுக்கும் நடுவில் மாறியவை மூன்றே. பாகுப் பானைக்கு மூடி, அடுப்பை அணைக்கும் நேரம், பாகு ஊற்றும் விதம். அதற்கு முன் மூன்று சோதனைகள் கெட்டன. எல்லாம் வரிசையாகக் கீழே.

இடம், பஞ்சாபில் ரூப்நகர் மாவட்டத்தில் ஆனந்த்பூர் சாகிபுக்கு அருகே ஒரு கிராமத்துக் குருத்வாரா. நாள், ஏப்ரல் 13, பஞ்சாபின் அறுவடைத் திருநாளான வைசாகி. சில வருடங்களில் இது 14-இல் வரும். நமக்குச் சித்திரை முதல் நாளைக் குறிக்கும் அதே மேஷ சங்கராந்திதான். 1699-இல் இதே நாளில் ஆனந்த்பூரில்தான் பத்தாம் சீக்கிய குருவான குரு கோபிந்த் சிங், தீட்சை பெற்ற சீக்கியர்களின் அமைப்பான கால்சாவைத் தொடங்கினார் என்பதால் அந்த வட்டாரம் முழுவதும் அன்றைக்குக் கூட்டம் நெரியும். கடா பிரசாத் குருத்வாராவில் வருடம் முழுக்க உண்டு. வைசாகிக்கு மட்டும் அறுவடையான புதுக் கோதுமையில் செய்ய வேண்டும் என்று ஊரார் ஆசைப்படுவார்கள். ஆசையில் தவறில்லை. வயலில் இருந்து நேரே வந்த தானியம் கடாயில் படுத்தும் பாடுதான் யாரும் சொல்லித் தராதது.

அறுப்பு

நவம்பர் முதல் வாரம் விதைத்த எச்.டி. 3086 ரகக் கோதுமை. ஏப்ரல் இரண்டாம் வாரம் கதிர் வளைந்து, தாள் பொன்னிறமாகி நின்றது. ஏக்கருக்கு 20 குவின்டால் விளையும் வயலில் ஒரு மர்லாவுக்குப் பன்னிரண்டரை கிலோ நிற்கும் (160 மர்லா ஒரு ஏக்கர்; ஒரு மர்லா 272 சதுர அடி). தேவை 10 கிலோ மாவுதான். சோதனைக்கும் சேதாரத்துக்கும் சேர்த்து ஒன்றரை மர்லா கையால் அறுத்தோம். கணக்குப்படி பதினெட்டே முக்கால் கிலோ வர வேண்டும். அடித்துத் தூற்றிய பிறகு தராசில் நின்றது 16 கிலோ. கையால் அடித்தால் இவ்வளவு போகும்.

கம்பைன் இயந்திரத்தில் அறுத்த மூட்டையிலிருந்தே எடுத்திருக்கலாம், அதுதான் வசதி. ஆனால் கம்பைன் ஒரு வயலில் இருந்து இன்னொன்றுக்குப் போகும்போது வேறு ரகமும் களை விதையும் சேர்ந்தே வரும். அதைப் பொறுக்கும் நேரத்தில் ஒன்றரை மர்லாவைக் கையாலேயே அறுத்துவிடலாம்.

அறுப்பு காலை 7 முதல் 9-க்குள் முடிய வேண்டும். வெயில் ஏறினால் முற்றிய கதிர் அரிவாள் பட்டதும் உதிரும். அடிப்பு அதற்கு நேர்மாறு: மதியம் 1 மணிக்கு மேல், தாள் முறுமுறுப்பாக இருக்கும்போது. காலையில் அடித்துப் பார்த்ததில் பாதி மணி உமியோடேயே ஒட்டிக்கொண்டது. முழுக்கைச் சட்டை அவசியம். கோதுமைக் கதிரின் கூர்முடி முழங்கையில் ஏறினால் இரண்டு நாள் அரிக்கும். காற்று இல்லாத நாள் என்பதால் மேசை விசிறி வைத்து முறத்தில் தூற்றினோம். விசிறி முறத்திலிருந்து நான்கடி தள்ளி இருக்கட்டும். அதற்கும் நெருங்கினால் சிறு மணிகள் உமியோடு பறக்கும்.

காயவைத்தல், அரைப்பு

அவசரத்தில் ஒரு கிலோவை அன்றே அரைத்தோம். அந்தக் கதை சோதனைப் பகுதியில் வரும். மீதி 15 கிலோவை மொட்டை மாடியில் தார்ப்பாய் விரித்து, விரல் தடிமனுக்கு மிகாமல் பரப்பி, இரண்டு நாள் காயவைத்தோம். மணிக்கு ஒரு தரம் கையால் கிளறி, மாலை 5 மணிக்கு அள்ளி மூடிவைக்க வேண்டும். விட்டுவிட்டால் இரவுப் பனி பகலில் போனதைத் திருப்பிக் கொடுத்துவிடும். இரண்டாம் நாள் மாலை எடை பதினான்கரை கிலோ. அரைக்கிலோ தண்ணீர் போயிருக்கிறது. அதாவது ஈரப்பதம் ஏறத்தாழ 3 சதவீதம் இறங்கியிருக்கிறது. அரசுக் கொள்முதலில் 12 சதவீதம் வரை பிடித்தம் இல்லை, 14-க்கு மேல் எடுக்கவே மாட்டார்கள். பிரசாதத்துக்கு 11-க்குக் கீழே இருந்தால் நல்லது. மண்டியில் (தானியச் சந்தை) ஈரமானி இருக்கும், ஒரு கைப்பிடியைக் கொண்டுபோனால் பார்த்துச் சொல்வார்கள். வீட்டில் பல்லே ஈரமானி. கடித்தால் மணி நசுங்கக் கூடாது. சட்டென்று இரண்டாக உடைய வேண்டும்.

அரைவை மில்லில் சொல்ல வேண்டியது ஒன்றே: ‘மோட்டா’, கொரகொரப்பாக. ரொட்டி மாவை விடப் பருக்கை தெரிய வேண்டும்; ரவை அளவுக்குப் போகக் கூடாது. சலிக்க வேண்டாம், தவிடு இருக்கட்டும். கல்லில் முன்னவர் அரைத்த மாவு தங்கியிருக்கும் (நாம் போனபோது மக்காச்சோளம்). அதனால் முதல் அரைக்கிலோவை ஓடவிட்டுத் தனியே எடுத்துவைத்தோம். மாவு கல்லிலிருந்து சூடாகத்தான் வரும். அந்தச் சூட்டோடு மூட்டை கட்டினால் உள்ளே வியர்த்துக் கட்டி தட்டும். விரித்து ஆறவிட்டு, பிறகு கட்ட வேண்டும். கையில் வந்தது 14 கிலோ. 10 கிலோ இரண்டு கடாய்களுக்கு, மீதி லங்கர் (குருத்வாராவின் பொதுப் பந்தி) ரொட்டிக்கு.

கெட்டுப்போன மூன்று சோதனைகள்

கடா பிரசாதத்தின் அளவு உலகத்துக்கே தெரிந்தது: மாவு, நெய், சர்க்கரை மூன்றும் சம பங்கு. கேள்வி, எதில் சமம்? முதல் சோதனையில் ஒரு லிட்டர் படியால் மூன்றையும் அளந்து, நான்கு படி தண்ணீர் விட்டோம். பாயசமாக நின்றது; தண்ணீர் வற்ற 40 நிமிடம் கிண்டிய பிறகு நெய் ஏடாகப் பிரிந்து மேலே மிதந்தது, தித்திப்பு தொண்டையைப் பிடித்தது. பிறகு அதே படியைத் தராசில் வைத்தபோது காரணம் தெரிந்தது. ஒரு படி கொரகொர மாவு 580 கிராம். அதே படியில் சர்க்கரை 850, நெய் 905. சமம் என்று நினைத்துக்கொண்டு ஒன்றரை மடங்கு நெய்யும் சர்க்கரையும், கிலோ மாவுக்கு ஏழு லிட்டர் தண்ணீரும் போயிருக்கின்றன. வீட்டுக் கிண்ணத்தில் நெய்யைக் குறைத்துப்போட்டு ஒப்பேற்றலாம். ஐந்து கிலோவில் அந்தச் சமாளிப்பு நடக்காது. எல்லாம் எடையில்: 1 கிலோ, 1 கிலோ, 1 கிலோ, 4 லிட்டர் தண்ணீர்.

இரண்டாவது சோதனை எடையில் சரி, மாவில் தப்பு. கடையில் வாங்கிய நைசான பாக்கெட் மாவு. வறுபடும்போது அழகாகத்தான் இருந்தது. பாகு பட்டதும் களியாகி, துடுப்பில் பந்தாகச் சுற்றிக்கொண்டது. நைஸ் மாவு ஒரே நொடியில் தண்ணீரை இழுத்துக்கொள்ளும்; உள்ளே காய்ந்த மாவுக் கட்டிகள் மாட்டிக்கொள்ளும். கொரகொர மாவு மெல்ல ஊறும், அந்த இடைவெளியில்தான் கிண்டிச் சரிசெய்ய முடியும்.

மூன்றாவதுதான் காயாத புதுக் கோதுமை. மாவு நெய்யில் விழுந்ததும் சோப்பு நுரை போல நுரைத்து, கடாய் விளிம்பு வரை எழும்பியது. தெறித்த நெய் இரண்டு பேர் கையில் கொப்புளமானது. ஈரம் போய் நுரை அடங்கவே பத்து நிமிடம். அதற்குள் அடியில் இருந்தது சிவந்துவிட, மேலே இருந்தது பச்சை. வாயில் போட்டால் ஒரு பக்கம் கருகல், ஒரு பக்கம் பச்சை மாவு. காயவைத்த மாவில் நுரை லேசாக வந்து இரண்டு நிமிடத்தில் அடங்கியது.

சாமான்கள்

36 அங்குல வாய், 11 அங்குல ஆழமுள்ள இரும்புக் கடாய். தளும்ப ஊற்றினால் 100 லிட்டர் அளவு. ஒரு கடாய்க்கான மாவு, நெய், சர்க்கரை, தண்ணீர் எல்லாம் சேர்ந்து 35 கிலோ. பாதிக்கு மேல் நிரம்பினால் கிண்டும்போது வழியும், ஆகவே இதைவிடச் சின்னக் கடாயில் 5 கிலோ போடாதீர்கள். இரும்பு மரபுக்காக, சீக்கியர் ‘சர்ப்லோஹ்’ என்று தூய இரும்பைத்தான் புனித காரியத்துக்கு எடுப்பார்கள். சமையலுக்கும் அதுதான் தோது. சூட்டைப் பிடித்துவைத்துச் சீராக வறுக்கும். (அந்தச் சூடே முதல் கடாயைக் கெடுத்தது என்பது வேறு.)

நான்கடி நீளத் துடுப்பு இரண்டு, முனை தட்டையான இரும்பு. மரத்துடுப்பு வளைந்த அடியைச் சுரண்டாது. பட்டி அடுப்பு இரண்டு, 19 கிலோ சிலிண்டர் ஒன்று. 40 லிட்டர் எவர்சில்வர் பானை, பாகுக்கு. பிடி நீண்ட 2 லிட்டர் மக்கு. 50 கிலோ தராசு. தண்ணீர் மட்டம் பார்க்க, லிட்டர் கோடு போட்ட ஒரு குச்சி. அற்பமாகத் தோன்றினாலும் மொத்தச் சாமானில் அதிகம் உதவியது அதுதான்.

நெய் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. பாக்கெட் லிட்டரில் வரும், நமக்கு வேண்டியது கிலோ. பத்து லிட்டர் நெய் 9 கிலோ சொச்சம்தான். 11 பாக்கெட் வாங்கினால் 9.955 கிலோ, அந்த 45 கிராமைப் பொருட்படுத்த வேண்டாம்.

கொடிக்கம்பத்தின் சோளா

வைசாகிக் காலையில் நிஷான் சாகிப் (குருத்வாராவின் சீக்கியக் கொடி) கம்பத்தின் மேலாடையை, அதாவது சோளாவை, மாற்றுவது வழக்கம். இது பிரசாத வேலையோடு நேரத்தில் முட்டும், அதனால் ஆளைப் பிரித்து வைக்க வேண்டும். கம்பம் 40 அடி, 4 அங்குல எஃகுக் குழாய். சுற்றளவு பன்னிரண்டரை அங்குலம். 18 அங்குல அகலத் துணி சுற்றி, ஐந்தரை அங்குலம் மேலே ஏறி, இரண்டடிக்கு ஒரு நாடா. நிறம் பசந்தி மஞ்சள் அல்லது சுர்மை நீலம் என்பது மரியாதா (சீக்கிய நடைமுறை நெறி) விதி. காவி வேண்டாம் என்று, குருத்வாராக்களை நிர்வகிக்கும் சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டி 2024-இல் சுற்றறிக்கையே அனுப்பியது. பருத்தித் துணியை வாங்கியதும் ஒருமுறை நனைத்துக் காயவைத்துவிட்டுத்தான் வெட்ட வேண்டும். போன வருடத்துச் சோளா நனைக்காமல் தைத்தது. முதல் மழையில் அரை மீட்டர் சுருங்கி, அடிக்கம்பம் வெளியே தெரிந்தது. இந்த முறை 12.2 மீட்டர் கம்பத்துக்கு 13 மீட்டர் எடுத்தது நனைத்த பிறகு சரியாக அமைந்தது.

கம்பத்தைச் சாய்க்கும் முன் மேலே மின்கம்பி எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து, அதற்கு எதிர்ப்பக்கம்தான் சாய்க்க வேண்டும். இதில் அவசரமே கூடாது. பாலும் தயிரும் விட்டுக் கழுவிய பிறகு நல்ல தண்ணீர் தாராளமாக ஊற்றி, துணியால் துடைத்து உலரவிட்டே சோளா சுற்ற வேண்டும். பால் தங்கினால் எறும்பு, புளித்த வாடை, ஆடைக்குள்ளே துரு.

முதல் கடாய்

இரண்டு நாளாக ஓடிய அகண்ட பாத், அதாவது புனித நூலை நிறுத்தாமல் முழுவதும் வாசிப்பது, காலை 9 மணிக்கு நிறைவு. பிரசாதம் அதற்குள் துணி போர்த்தி, அந்தப் புனித நூலான குரு கிரந்த் சாகிப் பக்கத்துப் பலகைக்கு வந்துவிட வேண்டும். குளித்து, தலையை மூடி, செருப்பில்லாமல், வாயில் ஜப்ஜி சாகிப் (காலைப் பிரார்த்தனை) ஓடத்தான் கிண்டுவார்கள். ஆகவே “தீயைக் குறை” என்று கத்த முடியாது. முன்கூட்டியே சைகை பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

6.45-க்கு இரண்டு அடுப்பையும் பற்றவைத்தோம். ஒன்றில் 20 லிட்டர் தண்ணீர், 5 கிலோ சர்க்கரை. இன்னொன்றில் நெய். நெய் உருகிச் சூடேறியதும் (புகைய விடாமல்) மாவு மொத்தமும். இருவர் எதிரெதிரே நின்று, ஒருவர் அடியைச் சுரண்டித் தள்ள மற்றவர் இழுக்க வேண்டும். முதல் 15 நிமிடம் ஈர மணல் போல இறுக்கம், கை வலி. பிறகு திடீரென்று இளகும். மாவிலிருந்து நெய் விட்டுவிட்டதன் அறிகுறி. 30 நிமிடத்தில் வறுத்த வாசனை வந்தது. 40-இல் வறுத்த நிலக்கடலைத் தோல் நிறம். அணைத்தோம்.

அணைத்தது தாமதம். இரும்பு பிடித்துவைத்திருந்த சூட்டில், பாகுப் பானையைத் தூக்கிக்கொண்டு வரும் இரண்டு நிமிடத்துக்குள் நிறம் இன்னும் ஒரு படி கருத்துவிட்டது. கருகவில்லை, ஆனால் கசப்பின் வாசல் வரை போனது.

அடுத்தது பாகு. 20 லிட்டர் கொதிக்க 25 நிமிடம் ஆனது. மாவு தயாராகும் வரை பாக்கிக் கால் மணி நேரத்துக்கு மேல் மூடியில்லாமல் தளதளவென்று கொதித்துக்கொண்டே இருந்தது. அளவுக் குச்சியை விட்டுப் பார்த்தால் இரண்டு லிட்டர் குறைவு. பாகு இன்னும் கம்பிப் பதத்துக்கு வரவில்லை, வரவும் கூடாது. ஆனால் அந்த இரண்டு லிட்டர் மாவுக்குச் சேர வேண்டியது. பார்த்தபடியே ஊற்றியாயிற்று. முழுப் பானையையும் நடுவில் கவிழ்த்ததில் ஆவி குப்பென்று எழுந்து, கிண்டுகிறவர் துடுப்பை விட்டுவிட்டார். அந்த அரை நிமிடத்தில் ஓரத்தில் கட்டி தட்டியது.

8.05-க்கு இறக்கினோம். 29 கிலோ. ருசி நன்றாகவே இருந்தது, கூடியிருந்தவர்களில் யாரும் குறை சொல்லவில்லை. ஆறியதும் இறுகியது மட்டும் நிஜம்.

இரண்டாம் கடாய்

கடாயைக் கழுவவில்லை, துடைத்துவிட்டு அப்படியே. மூன்று மாற்றங்கள்.

பாகு கொதி வந்ததும் மூடிபோட்டு, சிம்மில். ஊற்றும்போது குச்சியில் பார்த்தால் ஒரு கோடு கூடக் குறையவில்லை. குறைந்தால் வெந்நீர் சேர்க்கத் தனியாக ஒரு கெட்டில் வைத்திருந்தோம், தேவைப்படவில்லை.

36-ஆவது நிமிடத்தில், முந்திரி நெய்யில் பொரிந்து லேசாகச் சிவக்கும் அந்த நிறத்திலேயே அணைத்தோம். மீதி வறுவலை இரும்பு பார்த்துக்கொண்டது. பாகுப் பானை அதற்கு முன்பே கடாய் பக்கத்தில் வந்து நின்றது. பாகு விழுந்த பிறகுதான் நிறம் நிற்கும்; அடுப்பை அணைத்தால் நிற்காது.

மக்கால் மொண்டு, விளிம்பை ஒட்டி ஊற்றினோம். ஊற்றுபவர் முகம் திருப்பி, கையில் ஈரத்துண்டு சுற்றி. கால் பங்கு ஊற்றி, கிண்டி, மாவு குடித்ததும் அடுத்த கால். பாகு கொதிநிலையில் இருக்க வேண்டும். ஆறிய பாகு ஊற்றினால் தெறிப்பும் அதிகம், கட்டியும் அதிகம். முழுதும் போனதும் மறுபடி நடுத்தரத் தீ. எட்டாம் நிமிடம் கடாயை விட்டுப் பிரிந்தது, பத்தில் ஓரத்தில் நெய் மினுங்கியது. நம் கல்யாணப் பந்திக் கேசரியை இறக்கும் பதத்தை விட ஒரு சுற்று இளக்கமாகவே இறக்க வேண்டும், ஏனென்றால் தவிடு பிறகும் தண்ணீர் இழுக்கும். 31 கிலோ.

பரிமாறல்

இரும்புக் கடாயில் விட்டுவைத்தால் ஒரு மணி நேரம் ஆனாலும் கை சுடும். அகலமான தாம்பாளங்களில் நான்கு நான்கு கிலோவாகப் பரப்பினால் 20 நிமிடத்தில் கையில் வாங்கும் சூட்டுக்கு வரும். அர்தாஸுக்கு (நிறைவுப் பிரார்த்தனை) பிறகு கிர்பானால் (சீக்கியரின் குறுவாள்) தொட்டு, முதலில் பஞ்ச பியாரேக்கு (‘அன்புக்குரிய ஐவர்’) ஐந்து பங்கு, அடுத்து குரு கிரந்த் சாகிப் அருகே அமர்ந்திருப்பவருக்குச் சிறு கிண்ணத்தில், அதன் பிறகே எல்லாருக்கும். இரண்டாம் கடாய் வந்ததும் முதலில் தொட்டதிலிருந்து ஒரு பிடி அதில் கலப்பது வழக்கம். பெரியவர், சிறியவர், ஊர்த்தலைவர், வழிப்போக்கர் யாரானாலும் அளவு ஒன்றே. பரிமாறுபவரின் கைப்பிடிதான் அளவுகோல். ஒருவரையே கடைசி வரை பரிமாறவிட்டால் அளவு மாறாது. 50 கிராம் என்று கணக்கிட்டோம், கைப்பிடி 55 கிராமாக நின்றது. 60 கிலோ ஏறக்குறைய 1,100 பேருக்கு வந்தது.

கையேந்தி வாங்கும் இடத்தில் தரையில் நெய் சொட்டி வழுக்கும். விரிப்பின் மேல் ஒரு நீளப் பழைய துணி போடுங்கள்.

செலவு: நெய் 11 பாக்கெட் 620 ரூபாய் வீதம் 6,820. சர்க்கரை 10 கிலோ 460. கோதுமை 16 கிலோ, 2025-26 பருவத்து ஆதரவு விலையான குவின்டாலுக்கு 2,425 ரூபாயில் போட்டால் 388. அரைவைக் கூலி 45. எரிவாயு சுமார் 500. மொத்தம் 8,213, ஒரு கைக்கு ஏழரை ரூபாய். இதில் ஆறில் ஐந்து பங்கு நெய்யே. கெட்டுப்போன சோதனைகள் இதில் சேரவில்லை.

அடுத்த வருடம் அறுப்பை நான்கு நாள் முன்னே தள்ள வேண்டும். இந்த முறை மாவு அரைத்தது முதல் நாள் மாலை, ஆறவிடவே இரவாயிற்று. முதல் கடாயைப் பாதி அளவில், இரண்டரை கிலோவில் போட்டுக் கை பழகிக்கொண்டு பெரியதற்குப் போவதும் நல்லது. கடாயைக் கழுவ சோப்பு வேண்டாம். வெந்நீர் ஊற்றி ஊறவிட்டு, சாம்பலால் தேய்த்து, அடுப்பில் வைத்து ஈரம் போகக் காயவைத்து, சூடு இருக்கும்போதே துணியால் நெய் பூசிக் கவிழ்த்து வைத்தாயிற்று.